கர்த்தர் சொல்லாத வரி

வாங்க அண்ணாச்சி, வாங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. நம்ம சபைப் பையன் டென்னிசன் போன்ல சொன்னான், மதுரையில இருந்து ஒருத்தர் பொண்ணு விசாரிக்க வந்திருக்கார், உங்க வீட்டுக்கு வழி கேட்டார்னு. நல்லவேளை, நேரா என்கிட்டயே வந்தீங்க. வேற யார்கிட்டயாவது போயிருந்தா ஆளுக்கு ஒரு கதை விட்டிருப்பான். இந்த ஊர்க்காரன் எவன் வாயைத் தொறந்தாலும் உண்மை வராது அண்ணாச்சி. நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன், எனக்குத் தெரியாதா?

நம்ம கோயில் நிர்வாகம் பாக்குற சேகரக் கமிட்டிச் செயலாளர் நான்தான். ஞானதிரவியம். மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனேன். நீங்க? கோர்ட்டுல ஹெட் கிளார்க்கா? அப்பிடியா! அப்போ நமக்குள்ள பேச்சு சுளுவா முடிஞ்சிரும். எத்தனை சாட்சிக்காரனைப் பாத்திருப்பீங்க. நான் எப்பிடிப்பட்ட சாட்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.

காபி போடுதேன், இருங்க. சம்சாரம் வீட்டுல இல்ல. தூத்துக்குடியில அவ தங்கச்சிக்கு மேலுக்குச் சரியில்ல, பாக்கப் போயிருக்கா. சீனி கம்மியாவா? சரி.

தேவசுந்தரம் மக கெத்சியாளைப் பத்தித்தானே? பேரு நல்ல பேரு. வேதத்துல யோபுவுக்குக் கஷ்டமெல்லாம் தீந்த பெறகு பொறந்த மகளோட பேரு. பேரை வச்சதே நான்தான், பாத்துக்கிடுங்க. தேவசுந்தரம் என்கூட ஒண்ணாப்புல இருந்து படிச்சவன். தாலுகா ஆபீஸ்ல ஜீப் டிரைவரா இருந்தான். அவன் சம்சாரம் பிரசவத்துல கஷ்டப்பட்டுப் பொழச்ச நேரம், நான்தான் ஆஸ்பத்திரியில நின்னு, "இந்தப் பேரை வைல"ன்னு சொன்னேன். இப்போ நெனச்சா வயிறு எரியுது.

குறைன்னு எதையும் மறைக்கக் கூடாது, நிறையையும் மறைக்கக் கூடாது. படிப்பு பெரிய படிப்பு. கணக்குல எம்.எஸ்சி. பாலிடெக்னிக்ல வேலை. சின்ன வயசுலயே ஞாயிறுபள்ளியில மனப்பாட வசனத்துல அவதான் முதல். கோயில் கொயர்ல ஆல்ட்டோ, கீழ்க்குரல், பாடுவா. சமையலா? தெரியும் தெரியும். அப்பனுக்கு முதுகுவலி வந்து படுத்தப்போ குளிப்பாட்டிவிட்டதுல இருந்து எல்லாம் அவதான். நிறம் கொஞ்சம் கம்மி. அதையெல்லாம் நான் குறைன்னு சொல்ல மாட்டேன். குறை வாயில இருக்கு. கேள்வி கேப்பா. அதுவும் சிரிச்ச முகமா, "பெரியப்பா"ன்னு கூப்பிட்டுட்டுக் கேப்பா. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

போன தவக்காலத்துல நடந்தது. வாலிபர் ஐக்கியத்துக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நான்தான் எடுப்பேன். கோயிலுக்குப் பின்னாடி ஹால் இருக்குல்லா, அங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேதத்து மேல பயம் விட்டுப்போச்சு. போன்ல எதையாவது பாத்துட்டு வந்து, அது முரண்பாடு, இது முரண்பாடுங்கான். அதனால அன்னைக்கு நான் எடுத்த எடுப்புலயே அடிச்சுச் சொன்னேன்: "வேதத்துல உள்ளது எழுத்துக்கு எழுத்து ஆண்டவர் வாயில இருந்து வந்தது. மனுஷன் வச்ச புள்ளி ஒண்ணுகூடக் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல இவங்க எழுதினாங்க, அம்புட்டுதான். அதுல ஒரு வரி தப்புன்னு சொன்னா மொத்தமும் தப்புன்னு ஆயிரும்."

நான் கரண்ட்டுல வேலை பாத்தவன் அண்ணாச்சி. கம்பியில கரண்ட் இருக்கும், இல்லைன்னா இருக்காது. கொஞ்சம் இருக்கு கொஞ்சம் இல்லைன்னு ஒண்ணு கிடையாது. அப்பிடி நெனச்சவன் எல்லாம் போஸ்ட் மேலயே கருகிப் போயிருக்கான். வேதமும் அப்பிடித்தான்.

இவ கையைத் தூக்கினா. "பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். நான் பேரு வச்ச பிள்ளைல்லா.

"பவுல் தீத்துவுக்கு எழுதுறப்போ கிரேத்தாத் தீவுக்காரங்களைப் பத்திச் சொல்லுதார். அவங்க எப்பவும் பொய் பேசுறவங்கன்னு அந்தத் தீவுக்காரனே ஒருத்தன் சொல்லியிருக்கான்னு எழுதுதார். எழுதிட்டு, அவன் சொன்ன சாட்சி உண்மைதான்னும் எழுதுதார்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அவன் சொன்னது உண்மைன்னா, தீவுக்காரன் ஒருத்தன் உண்மை பேசிட்டான் பெரியப்பா. அப்போ அவங்க எப்பவும் பொய்தான் பேசுவாங்கங்கிறது தப்பாப் போச்சு. அது தப்புன்னா, அந்தச் சாட்சி உண்மைன்னு எழுதியிருக்கிறது?"

ஹால்ல எல்லாரும் தீத்துவைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுதாங்க. டென்னிசன் மட்டும் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான்.

நான் விடுவேனா? "அவன் தன்னைச் சேக்காம மத்தவங்களைத்தான் சொன்னான். நம்ம ஊர்க்காரனுக எல்லாம் திருட்டுப்பயலுகன்னு நான் சொன்னா, என்னையச் சேத்தா சொல்லுதேன்? எழுத்தை அப்பிடியே பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாதும்மா. அர்த்தத்தைப் பாக்கணும்"னேன்.

"அதைத்தான் பெரியப்பா நானும் சொல்லுதேன்"னா. எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாதுன்னு. சொல்லிட்டு உக்காந்துட்டா. பயலுக ரெண்டு மூணு பேரு குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கானுக. என்னத்துக்குச் சிரிக்கானுகன்னு எனக்கு அப்போ விளங்கல. இப்பவும் விளங்கல. நான் சரியான பதில்தானே சொன்னேன்?

"அப்போ ஆண்டவர் பொய் சொல்லிட்டார்ங்கியா?"ன்னு கேட்டேன்.

பதறிட்டா. "ஐயோ, இல்ல பெரியப்பா. பவுலுக்கு அந்த ஆளுங்க மேல கோவம். கோவத்துல நாம ஊரையே சேத்துத் திட்டுவோம்லா, அந்த மாதிரி திட்டுதார். ஆண்டவர் அவர் கையைப் பிடிச்சு எழுதல. கோவக்கார மனுஷனைக் கோவக்கார மனுஷனாவே எழுத விட்டிருக்கார். நம்மளோட பேச ஆண்டவருக்கு அந்த மனுஷனே போதும்னு தோணியிருக்கு. எனக்கு அதைப் படிச்சாத்தான் விசுவாசம் கூடுது."

எப்பிடிப் பேசுதா பாருங்க. விசுவாசம் கூடுதாம். சந்தேகத்துல போய் எவனுக்காவது விசுவாசம் கூடுமா?

அதோட விட்டிருக்கலாம். விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு அந்தச் சிரிப்பு காதுலயே இருந்துச்சு. அடுத்த வாரம் நான் மறுபடியும் அதையே எடுத்தேன். "ஒவ்வொரு வரியும் கர்த்தர் சொன்னது. சந்தேகம் உள்ளவங்க இப்பவே எந்திரிச்சுச் சொல்லலாம்"னேன். அவளைத்தான் பாத்துச் சொன்னேன்.

அவ எந்திரிக்கல. டென்னிசன்தான் எந்திரிச்சான். அவன் ஒரு வெள்ளந்தி. "அண்ணாச்சி, கெத்சியாள் அக்கா போன வாரம் வெளியில வச்சு இன்னொண்ணு சொன்னாங்க. கொரிந்தியருக்கு எழுதுறப்போ பவுலே ஒரு இடத்துல, இதைக் கர்த்தர் சொல்லல, நான்தான் சொல்லுதேன்னு எழுதியிருக்காராம். அந்த வரியும் கர்த்தர் சொன்னதுதானா?"

நான் அவளைப் பாத்தேன். "இதுவும் உன் வேலைதானா?"

"சும்மா பேசிக்கிட்டு இருந்தப்போ சொன்னது பெரியப்பா."

"என்ன சொன்ன? இங்க எல்லார் முன்னாலயும் சொல்லு."

எந்திரிச்சா. மெதுவாத்தான் சொன்னா. "கர்த்தர் சொல்லலங்கிற அந்த வரியையும் கர்த்தரே சொன்னார்னு வச்சுக்கிட்டா, அந்த வரி தப்பாயிருது. அந்த வரி சரின்னு வச்சுக்கிட்டா, எல்லா வரியும் கர்த்தர் சொன்னதுன்னு நாம சொல்லுறது தப்பாயிருது. ரெண்டுல எதை எடுத்தாலும் இடிக்கும்."

"எங்க இருக்கு அது? எடுத்து வாசி."

"வேண்டாம் பெரியப்பா."

"என்ன வேண்டாம்? இல்லாததைச் சொல்லிட்டு வேண்டாங்கியா?"

"இருக்கு பெரியப்பா. இன்னைக்கு வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து காட்டுதேன்."

"வாசி!" மேசையில அடிச்சேன். "எல்லாருக்கும் கேக்கும்படி வாசி!"

அவ முகம் வெளுத்துப் போச்சு. மடியில இருந்த வேதத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, வாசிச்சா. இதைக் கர்த்தர் சொல்லல, நான் சொல்லுதேன்னு ஆரம்பிக்குது. ஒரு சகோதரனோட சம்சாரம் விசுவாசம் இல்லாதவளா இருந்தாலும், அவன்கூட வாழ அவளுக்குச் சம்மதம்னா, அவன் அவளைத் தள்ளக் கூடாதுன்னு முடியுது.

உங்களுக்கு விளங்காது அண்ணாச்சி, நீங்க வெளியூர். சொல்லாம முடியாது, சொல்லுதேன். எனக்கு ஒரு பையன் இருந்தான், எட்வின். மதுரையில பேங்க்ல வேலை. கோவில்பட்டிக்காரி ஒருத்தியைக் கட்டிக்கிட்டான், செண்பகவல்லின்னு. இந்துப் பொண்ணு. ரெண்டு பேரும் ஒரு நாள் வாசல்ல வந்து நின்னாங்க. "அவளை விட்டுட்டு வந்தா உள்ள வா, இல்லைன்னா எனக்குப் பிள்ளை கிடையாது"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். சபைக்கு முன்னாலயும் சொன்னேன். அவிசுவாசியோட நமக்கு என்ன பங்குன்னு வேத வசனத்தைச் சொல்லியே சொன்னேன். அன்னைக்கு எத்தனை பேரு என் கையைப் பிடிச்சுப் பாராட்டினாங்க தெரியுமா? ஞானதிரவியம் விசுவாசத்துக்காகப் பெத்த பிள்ளையையே குடுத்தவன்னு குருவானவர் பிரசங்கத்துலயே சொன்னார்.

இப்போ ஹால்ல இருந்த அத்தனை முகமும் என்னையப் பாக்குது. எவனும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

பின்னாடி வாசல்ல சொர்ணம் நிக்கா. என் சம்சாரம். பிள்ளைகளுக்குச் சுக்குக் காபியும் முறுக்கும் கொண்டாந்திருந்தா. தட்டைப் பிடிச்சபடியே நிக்கா. எத்தனை நேரமா நின்னாளோ.

திட்டம் போட்டுச் செஞ்சிருக்கா அந்தக் கெத்சியாள். எனக்குத் தெரியும். வேண்டாம் வேண்டாம்னு சொன்னதெல்லாம் நடிப்பு. அப்பிடிச் சொன்னாத்தான் நான் வாசிக்கச் சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும். கணக்கு படிச்சவல்லா.

அன்னைக்கு வீட்டுல சாப்பாடு போட்டா சொர்ணம். போட்டுட்டு எதிர்ல உக்காந்து கேட்டா, "அந்த வரி நம்ம வீட்டு வேதத்துலயும் இருக்கா?"

"எல்லா வேதத்துலயும் இருக்கும்."

"குடும்ப ஜெபத்துல அந்த அதிகாரம் வந்தா மட்டும் நீங்க அடுத்ததுக்குப் போயிருவீங்க. நான் என்னமோ பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏட்டி, அது கர்த்தர் சொன்னது இல்ல. பவுல் சொன்னது. அதுலயே தெளிவாப் போட்டிருக்குல்லா, கர்த்தர் சொல்லலன்னு! மனுஷன் சொன்னதுக்கெல்லாம் நாம கட்டுப்பட வேண்டியது இல்ல"ன்னேன்.

அவ என்னையப் பாத்தா. "இன்னைக்குச் சாயங்காலம் எழுத்துக்கு எழுத்து கர்த்தர்தான்னு சொன்னது நீங்கதானே?"ன்னு கேட்டா.

பாத்தீங்களா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட ஒரு எதிர்க்கேள்வி கேட்டது கிடையாது அவ. ஒரே சாயங்காலத்துல அந்தப் பிள்ளை அவளையும் கெடுத்து வச்சுட்டா. அதுதான் அண்ணாச்சி தொத்துவியாதிங்கிறது. உங்க வீட்டுக்கு அவ மருமகளா வந்தா, நாளைக்கு உங்க சம்சாரமும் உங்களை இப்பிடித்தான் கேக்கும்.

அதுக்குப் பெறகு நான் சும்மா இருக்க முடியுமா? கமிட்டியில வச்சேன். சுவிசேஷத்துக்கு விரோதமா வாலிபர்களைத் திருப்புதா, வேதம் பொய்யின்னு சொல்லுதான்னு. அவ அந்த வார்த்தையைச் சொன்னாளான்னு கேக்கீங்களா? அந்த வார்த்தை சொல்லல. ஆனா அவ சொன்னதுக்கு அர்த்தம் அதுதானே? நான் அர்த்தத்தைச் சொன்னேன். ரெண்டு சாட்சி வேணும்னு வேதமே சொல்லுது. ஒண்ணு நான். இன்னொண்ணு டென்னிசன். அவனுக்கு நம்ம சபைப் பள்ளிக்கூடத்துல வேலைக்குப் பேரு போயிருந்த நேரம். நான் அவனை மிரட்டல அண்ணாச்சி, தப்பா நெனக்காதீங்க. "ஏல, நல்லா யோசிச்சுப் பாரு, அவ என்ன சொன்னா?"ன்னு மட்டும் கேட்டேன். யோசிச்சுப் பாத்து, வேதம் பொய்யின்னுதான் சொன்னாங்கன்னு சொல்லிட்டான். தலையைத் தூக்காமச் சொன்னான். மரியாதை தெரிஞ்ச பையன்.

கமிட்டி குருவானவர் வீட்டு முன்னறையில கூடினது. அவர் பாக்கியசிங் ஐயா, நல்ல மனுஷன், ஆனா இட மாறுதல் வர்ற நேரம், எதுலயும் வாய் விடமாட்டார். அவளைக் கூப்பிட்டு நிக்க வச்சோம். தேவசுந்தரம் வெளியில படியில உக்காந்திருந்தான். உள்ள வரலாம்னு யாரும் சொல்லல, அவனும் கேக்கல.

ஐயா கேட்டார், "வேதம் பொய்யின்னு சொன்னியாம்மா?"

"சொல்லல ஐயா."

"ரெண்டு சாட்சி சொல்லுதாங்களே."

அவ டென்னிசனைப் பாத்தா.

இது இழுத்துக்கிட்டே போவும்னு எனக்குத் தெரியும். அதான் நான் குறுக்க விழுந்தேன். "வேற பேச்சே வேண்டாம். வேதத்துல ஒவ்வொரு வார்த்தையும் கர்த்தர் சொன்னதுன்னு ஒத்துக்கிடுதியா? ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. வியாக்கியானம் வேண்டாம்."

"எல்லாக் கேள்விக்கும் அப்பிடிப் பதில் சொல்ல முடியாது பெரியப்பா."

"முடியும். நேர்மையானவனுக்கு முடியும். உள்ளதை உள்ளதுன்னும் இல்லாததை இல்லைன்னும் சொல்லச் சொல்லித்தான் ஆண்டவரே சொல்லியிருக்கார்."

"சரி"ன்னா. "நான் ஒண்ணு கேக்கலாமா? அதுக்கு நீங்க ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா, நானும் சொல்லிருதேன்."

"கேளு."

"நான் இப்போ கேக்குற இந்தக் கேள்விக்கு நீங்க 'இல்ல'ன்னு பதில் சொல்லப் போறீங்களா?"

நான் கொஞ்சம்கூட யோசிக்கல. "இல்ல!"ன்னேன்.

"சொல்லிட்டீங்களே பெரியப்பா"ன்னா.

முதல்ல பொருளாளர் சிரிச்சார். பெறகு அவருக்குப் பக்கத்துல இருந்தவர். குருவானவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டார். "அப்போ ஆமா!"ன்னு கத்தினேன். அதுக்கு இன்னும் சிரிச்சாங்க. ஆமான்னு சொன்னா, இல்லைன்னு சொல்லப் போறேன்னு ஒத்துக்கிட்டதா ஆகுதாம், ஆனா நான் சொன்னது ஆமாவாம். எப்பிடிச் சொன்னாலும் தப்பு வருதாம். வித்தை! கோயில் வளாகத்துல வந்து செய்யுற வித்தையா இது? அவ மட்டும் சிரிக்கல, அதையும் சொல்லிருதேன். "உங்களைச் சிறுமைப்படுத்தக் கேக்கல பெரியப்பா. பதில் சொல்ல முடியாத கேள்வின்னு ஒண்ணு இருக்கு. அதுல நின்னுக்கிட்டு முழிக்கிறவன் எல்லாம் பொய்யன் இல்ல. அதைத்தான் சொல்ல வந்தேன்"னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. என் கண்ணுக்கு அதுவும் வித்தையாத்தான் தெரிஞ்சுச்சு.

சிரிச்சவனுகளை எப்பிடி அடக்கணும்னு எனக்குத் தெரியும். அடுத்த சேகரத் தேர்தல்ல யார் யார் பேரு பட்டியல்ல வரணும்னு நான்தானே பாக்கணும். மெதுவா எந்திரிச்சு அதை மட்டும் ஞாபகப்படுத்தினேன். சிரிப்பு நின்னு போச்சு. ஞாயிறுபள்ளி வகுப்பை அவகிட்ட இருந்து எடுத்தாச்சு. கொயர்ல இருந்து எடுத்தாச்சு. மன்னிப்புக் கேக்குற வரைக்கும் அப்பமும் ரசமும் வாங்குற திருவிருந்துல பங்கு கிடையாதுன்னும் முடிவாச்சு. தண்டனைக்காக இல்ல அண்ணாச்சி. அவ ஆத்துமாவுக்காக.

மன்னிப்புக் கேட்டுட்டு ஒழிவான்னு பாத்தேன். இல்லைன்னா டவுன் கோயிலுக்குப் போயிருவான்னு பாத்தேன். ரெண்டும் செய்யல. ஞாயித்துக்கிழமை தவறாம வந்தா. பெண்கள் பக்கம் கடைசிக்கு முந்தின பெஞ்சு. திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையா எந்திரிச்சு முன்னால போவாங்க, அவ மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. பெண்கள் எல்லாம் அவ முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போகணும். ஆண்கள் பக்கம் அவ அப்பனும் உக்காந்திருப்பான். அவனுக்கு யாரும் தடை போடல. அவனா உக்காந்துக்கிட்டான். பேசாம உக்காந்தே சபையைக் குத்திக் காட்டுறதுன்னா இதுதான்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு வந்துச்சு. கோயில் நெறஞ்ச கூட்டம். நான் முதல் வரிசையில போய்க் பீடத்துக்கு முன்னால உள்ள கிராதியில முழங்கால் போட்டேன். எப்பவும் எனக்கு அடுத்தாப்புல, பெண்கள் வரிசை ஓரத்துல சொர்ணம் முழங்கால் போடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுதான் வழக்கம். அந்த இடத்துல வேற யாரோ இருந்தாங்க. திரும்பிப் பாத்தேன். திரும்பக் கூடாது, ஆனாலும் திரும்பிட்டேன்.

சொர்ணம் அந்தக் கடைசிக்கு முந்தின பெஞ்சுல உக்காந்திருக்கா. கெத்சியாள் பக்கத்துல. பட்டுச்சேலை கட்டி, தலையில முக்காடு போட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பிள்ளை அவ காதுல என்னமோ சொல்லுது, போங்கன்னு சொல்லுது போல. இவ தலையை ஆட்டுதா, மாட்டேன்னு. ஒட்டுமொத்தச் சபையும் பாக்குது. குருவானவர் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் வாய்கிட்ட நீட்டினார். குடிச்சேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு நெனவு இல்ல.

வீட்டுக்கு வந்து கேட்டேன், "என்னட்டி செஞ்ச?"

"நான் பெத்தவனை நீங்க தள்ளுனப்போ உங்க பக்கத்துல வந்து முழங்கால் போட்டேன். அது போதும்னு தோணுச்சு"ன்னா.

மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிட்டா. செண்பகவல்லிக்கு அது பேறுகால மாசம். பொம்பளப்பிள்ளை பொறந்திருக்காம். சொர்ணம் இன்னும் அங்கதான் இருக்கா. போன் பண்ணுவா, மாத்திரை போட்டீங்களா, அரிசி தீந்து போச்சான்னு கேப்பா. எப்ப வருவேன்னு மட்டும் சொல்ல மாட்டா. நானும் கேக்க மாட்டேன்.

தூத்துக்குடியா? ஆமா, முதல்ல தூத்துக்குடின்னு சொன்னேன். ஊர்ல கேக்குறவங்களுக்கு அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். அது பொய் இல்ல அண்ணாச்சி, அது குடும்ப மானம். அதுக்கும் பொய்க்கும் வித்தியாசம் இருக்கு.

இப்போ சொல்லுங்க. ஒரு கேள்வி கேட்டா. ஒரே ஒரு கேள்வி. வீடு போச்சு, சம்சாரம் போயிட்டா. கமிட்டியில இப்போ நான் எதைப் பேசினாலும், எவனாவது ஒருத்தன் மெதுவா "ஆமாவா, இல்லையா?"ங்கான். டென்னிசன் இருக்கான்லா, வேலை கெடச்ச பெறகு நேரா அவ வீட்டுக்குப் போய் அழுதிருக்கான். அவ என்ன செய்தா தெரியுமா? தோசை சுட்டுப் போட்டு அனுப்பியிருக்கா. சாட்சி சொன்னவனுக்குத் தோசை! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா அப்பிடிச் செய்ய முடியும்?

என்ன கேக்கீங்க? பொய் சொல்லுவாளான்னா? அவளா? சே, சே. இருக்கிறதைத்தானே சொல்லணும். அவளுக்குப் பொய் வராது. வந்திருந்தா அன்னைக்குக் கமிட்டியில ஒரு "ஆமா" சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாளே. அதுக்கும் துப்பு இல்லாதவ.

என்னைய மரியாதை இல்லாமப் பேசினாளான்னா, அதுவும் கிடையாது. இன்னைக்கும் ரோட்டுல பாத்தா வண்டியை நிறுத்திட்டு, "பெரியப்பா, சாப்பிட்டீங்களா?"ன்னுதான் கேக்கா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். ஒரு நாள் குழம்பு வச்ச தூக்குவாளியை நடையில வச்சுட்டுப் போயிருக்கா. சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாதுல்லா.

கிளம்பிட்டீங்களா? காபி ஆறிப்போச்சே. என்னால முடிஞ்ச அளவுக்கு ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லியிருக்கேன். பையனுக்கு நல்ல இடமாப் பாருங்க. அடக்கமான பொண்ணுக நம்ம சேகரத்துலயே எத்தனையோ இருக்கு, நானே சொல்லுதேன்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். மதுரையில நீங்க எந்தப் பக்கம்? பழங்காநத்தமா? எட்வின் வீடும் அங்கதான் எங்கேயோன்னு சொல்லுதாங்க. இல்ல, இல்ல, போய்ப் பாக்கச் சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும், எனக்கும் அவனுக்கும் ஒண்ணும் கிடையாது. கோயில்ல கண்ணுல பட்டா... அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு மட்டும். சொர்ணம்கிட்டக் கேக்க எனக்கு வாய் வரல. வேண்டாம், விடுங்க. கேக்க வேண்டாம்.

சரி, போயிட்டு வாங்க. பாத்து, படி உயரம்.

அண்ணாச்சி! அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம். வலது கைப்பக்கம் திரும்பணும். அந்தத் தெருவுல போனா தேவசுந்தரம் வீடுதான் வரும். கேக்குதா? தேவசுந்தரம் வீடு! என்ன அண்ணாச்சி, சிரிச்சுக்கிட்டே போறீங்க? நான் இவ்வளவு நேரம் சொன்னது ஒண்ணுகூடப் பொய் இல்லையே... எல்லாத்தையும் கேட்டுட்டு அங்கயா போறீங்க?